இருபது டெப் திறந்தது குற்றமா?

கொம்பியூட்டர் ஸ்லோவாக இருக்கு என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கோ. முதல் வருகிற கேள்வி, "எத்தினை டெப் திறந்து வச்சிருக்கிறாய்?" என்பதாகத்தான் இருக்கும். ரிப்பெயார் கடையில் கேட்பார்கள், ஐசிடி சேர் கேட்பார், வீட்டில் நல்ல லப்டொப் வைத்திருக்கிற அண்ணா கேட்பார். பதில் "இருபது" என்றால் விசாரணை அதோடு முடிந்துவிடும். தீர்ப்பும் தயாராக இருக்கும்: தேவையில்லாததை மூடு, இல்லாட்டி ரேமைக் கூட்டு, அதுவும் சரிவராட்டி புதுசு வாங்கு.

இந்தத் தீர்ப்பில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. டெப் கூடினால் மெஷின் இழுபடும் என்பது உண்மைதான், அதை மறுக்க வரவில்லை. ஆனால் எண்ணிக்கையை வைத்து ஆளைக் குற்றவாளியாக்கும்போது, அந்த டெப்புகளுக்குள் பாரத்தை ஏற்றிவிட்டவர்கள் சத்தமில்லாமல் தப்பிவிடுகிறார்கள். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லப்டொப்பில் படிக்கிற பிள்ளைதான் கடைசியில் வெட்கப்பட்டு, காசு தேடி அலையவேண்டி இருக்கிறது. இதைக் கொஞ்சம் திறந்து பேசவேணும் என்று நினைக்கிறோம்.

ஒரு டெப்புக்குள் என்ன கிடக்கு?

முதலில் ஒரு விசயம். பிரவுசரில் நாங்கள் "ஒரு டெப்" என்று பார்ப்பது கொம்பியூட்டருக்கு ஒன்றாக இருக்கவேண்டும் என்று இல்லை.

2008 செப்டெம்பரில் குரோம் வந்தபோது அதன் பெரிய புதுமையே ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிப் புரொசெஸ் ஆக ஓடவிட்டதுதான். அதற்கு முன் ஒரு பக்கம் குழம்பினால் முழு பிரவுசரும் சேர்ந்து விழும். அரைவாசி எழுதின ஈமெயில், ஏறிக்கொண்டிருந்த போட்டோ எல்லாம் போய்விடும். தனித்தனியாகப் பிரித்த பிறகு விழுகிற பக்கம் மட்டும் விழுந்தது, மற்றவை தப்பின. நல்ல ஏற்பாடு. ஆனால் தனி வீடு கட்டினால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குசினி, தனிக் கிணறு வேணும்தானே. அதுபோல ஒவ்வொரு புரொசெஸும் தனக்கென்று ஒரு பங்கு ரேமைப் பிடித்துக்கொண்டது.

பிறகு 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன. புரொசெசர்களின் வடிவமைப்பிலேயே இருந்த பிழைகள் அவை. ஒரே புரொசெஸுக்குள் இரண்டு வெப்சைட்டின் விசயங்கள் சேர்ந்து இருந்தால் ஒன்று மற்றதன் இரகசியத்தை வாசித்துவிடலாம் என்ற பயம் வந்தது. அதே ஆண்டு குரோம், ஒவ்வொரு சைட்டையும் வேறு வேறு புரொசெஸில் அடைக்கிற முறையைக் கணினிகளில் எல்லாருக்கும் பொதுவாக்கியது. இதனால் ரேம் பாவனை ஏறத்தாழ 10 முதல் 13 வீதம் கூடும் என்று கூகுளே அப்போது சொன்னது.

இதில்தான் விசயம் இருக்கு. "ஒவ்வொரு சைட்டும்" என்றால் அட்ரஸ் பாரில் தெரிகிற சைட் மட்டும் இல்லை. அந்தப் பக்கத்துக்குள் பெட்டி பெட்டியாகச் செருகியிருக்கிற விளம்பரம், வீடியோ, லைக் பட்டன் எல்லாம் வேறு இடத்திலிருந்து வந்தால் அவையும் வேறு சைட்டுகள்தான். ஆகவே ஐந்து விளம்பர நிறுவனங்களின் பெட்டிகள் உள்ள ஒரு செய்திப் பக்கம் உங்களுக்கு ஒரு டெப். மெஷினுக்கு அது ஐந்தாறு புரொசெஸாக இருக்கலாம். படமே இல்லாத விக்கிப்பீடியாக் கட்டுரை பத்தைத் திறந்து வைத்திருப்பவரையும், இப்படியான செய்திப் பக்கம் பத்தைத் திறந்து வைத்திருப்பவரையும் "பத்து டெப்" என்று ஒரே கணக்கில் போடுவது, பத்து சைக்கிளையும் பத்து லொறியையும் "பத்து வாகனம்" என்று எண்ணுகிற மாதிரி.

படங்களிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 200 கேபி அளவில் இறங்குகிற ஒரு போட்டோவைத் திரையில் காட்ட பிரவுசர் அதை விரிக்கவேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட். 1920க்கு 1080 அளவுள்ள படம் என்றால் விரித்தபின் 8 எம்பிக்கு மேல். கைத்தொலைபேசியில் எடுத்த போட்டோவைச் சுருக்காமல் அப்படியே ஏற்றி, பக்கத்தில் கையகலத்துக்குக் காட்டுகிற வெப்சைட்டுகள் எங்கட ஊரில் எத்தனை? அந்தச் சோம்பேறித்தனத்தின் விலையை எங்கட ரேம்தான் கட்டுகிறது.

பின்னால் ஓடுகிறவை

ரேம் ஒரு பக்கம். மற்றப் பக்கம் ஸ்கிரிப்ட்.

ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்து நாட்களில் உருவாக்கப்பட்ட மொழி. அன்றைக்கு அதன் வேலை, ஃபோர்மில் ஈமெயில் முகவரியைச் சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று பார்ப்பது மாதிரிச் சின்னச் சின்ன விசயங்கள். இன்றைக்கு அது நீங்கள் பார்க்காத டெப்புக்குள்ளும் ஓடுகிறது. புதுச் செய்தி வந்ததா என்று சில செக்கனுக்கு ஒருமுறை சேர்வரைக் கேட்கும். விளம்பரத்தை மாற்றும். நீங்கள் எவ்வளவு நேரம் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணி எங்கோ அனுப்பும். நீங்கள் வேறு டெப்பில் அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அங்கே அது தன் பாட்டில் வேலை செய்துகொண்டிருக்கும்.

பிரவுசர் செய்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. நியாயமாக அதைச் சொல்லவேணும். பின்னால் கிடக்கிற டெப்பின் கடிகாரங்கள் செக்கனுக்கு ஒருமுறைக்கு மேல் அடிக்கக்கூடாது என்று நீண்டகாலமாகவே கட்டுப்பாடு இருக்கிறது. திரையில் அசைவுகளை வரைகிற வேலை, டெப் மறைந்தவுடன் நின்றுவிடும். 2017இல் குரோம் இன்னொரு படி போய், பின்னணி டெப் ஒன்றின் கடிகார வேலைகளுக்குச் சராசரியாக ஒரு சிபியு கோரின் 1 வீதத்துக்கு மேல் கிடையாது என்று கட்டியது. 2021 ஜனவரியில் வந்த 88ஆம் பதிப்பு, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்து கிடக்கிற டெப்பின் கடிகாரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் எழுப்பத் தொடங்கியது.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. இந்தக் கட்டுப்பாடுகளுக்கு விதிவிலக்குகள் உண்டு. சத்தம் ஓடிக்கொண்டிருக்கிற டெப் தப்பிவிடும். வீடியோ கோல் நடக்கிற டெப்பும் தப்பும். அது தேவையான விதிவிலக்கு, இல்லாட்டி பின்னால் பாட்டுக் கேட்கவும் முடியாது, ஓன்லைன் வகுப்பும் நடக்காது. சேர்வரோடு நிரந்தரத் தொடர்பு வைத்திருக்கிற பக்கங்களுக்குச் செய்தி வந்தால் அதைக் கையாளத்தான் வேண்டும். வெப் வேர்க்கர் என்கிற பின்னணி வேலையாட்கள் கடிகாரக் கட்டுப்பாட்டுக்குள் முழுதாக வருவதும் இல்லை. கதவை மூடினாலும் யன்னல்கள் இருக்கின்றன.

அந்த யன்னலுக்குள்ளால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கொயின்ஹைவ் கதை காட்டியது. 2017 செப்டெம்பரில் வந்த இந்தச் சேவை, ஒரு துண்டு ஸ்கிரிப்டை வெப்சைட்டில் போட்டால் போதும், பார்க்க வருகிறவர்களின் சிபியுவில் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டித் தருவோம் என்றது. கிடைப்பதில் 70 வீதம் சைட்காரருக்கு, 30 வீதம் கொயின்ஹைவுக்கு. மின்சாரமும் சூடும் ஃபேன் இரைச்சலும் வந்தவருக்கு. தி பைரட் பே பயனர்களிடம் சொல்லாமல் இதைச் சோதித்துப் பிடிபட்டது. 2018 பெப்ரவரியில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுகிற ஒரு துணைக்கருவியின் ஸ்கிரிப்டுக்குள் யாரோ இதை நுழைத்துவிட, 4000க்கும் மேற்பட்ட சைட்டுகள் ஒரே நேரத்தில் நாணயம் தோண்டத் தொடங்கின. மக்களின் தனிப்பட்ட தரவைப் பாதுகாக்கவேண்டிய பிரித்தானிய அரச ஆணையாளர் அலுவலகத்தின் சைட்டும் அதற்குள் இருந்தது. பிரவுசரை மூடினாலும் போகாமல், விண்டோஸ் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னலாக ஒளிந்திருந்து தோண்டுகிற வகையும் வந்தது. 2019 மார்ச்சில் கொயின்ஹைவ் மூடப்பட்டது.

அது மூடப்பட்டபோது எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். எங்களிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கேட்காமல் எங்கட சிபியுவை எடுத்து நாணயம் தோண்டினால் அது களவு. கேட்காமல் எங்கட சிபியுவையும் டேட்டாவையும் எடுத்து எங்களைப் பற்றிய தகவலைத் தோண்டி விளம்பரக்காரருக்கு விற்றால் அதற்கு ஏன் "அனலிட்டிக்ஸ்" என்று மரியாதையான பெயர்? அளவில் வித்தியாசம் இருக்கலாம். செயலில் பெரிய வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை.

குப்பையை எடுத்தால் எவ்வளவு மிஞ்சும்?

இது வெறும் ஆதங்கம் இல்லை என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2018 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, யூஎஸ்ஏ டுடே பத்திரிகை ஐரோப்பிய வாசகர்களுக்கென்று பின்தொடரும் ஸ்கிரிப்டுகளும் விளம்பரங்களும் நீக்கிய தனிச் சைட் ஒன்றை விட்டது. அதை ஒரு வெப் டெவலப்பர் அளந்து பார்த்து வெளியிட்டார். வழக்கமான பக்கம் 5.2 எம்பி, ஐரோப்பியப் பக்கம் 500 கேபி. ஜாவாஸ்கிரிப்ட் பைல்கள் 124இலிருந்து பூச்சியம். திறக்க எடுத்த நேரம் 45 செக்கனுக்கு மேலிருந்து 3 செக்கன்.

செய்தி அதே செய்திதான்.

இதை எங்கட கணக்குக்கு மாற்றிப் பாருங்கோ. 1 ஜிபி டேட்டா ரீலோட் போட்டால் 5.2 எம்பி பக்கம் ஏறத்தாழ 190தான் பார்க்கலாம். 500 கேபி பக்கம் என்றால் 2000. பத்து மடங்கு. ஃபைபர் இணைப்பு உள்ளவருக்கு இது ஒரு புள்ளிவிபரம். மாசக் கடைசியில் டேட்டா எத்தனை எம்பி மிஞ்சிக் கிடக்கு என்று பார்த்துப் பார்த்துப் படிக்கிறவருக்கு இது பாடம் படிப்பதா விடுவதா என்ற கேள்வி.

எங்கட தமிழ்ச் செய்திச் சைட்டுகள் இதில் எவ்வளவு தூரம் வேறு? பெயர் சொல்ல விருப்பமில்லை, உங்களுக்கே தெரியும். திறந்தவுடன் "நோட்டிஃபிகேஷன் அனுப்பவா" என்று ஒரு பெட்டி. மூடினால் தானாக ஓடுகிற வீடியோ. அதை நிறுத்தினால் திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு வருகிற விளம்பரம். நடுவில் நாலு வரிச் செய்தி. மரண அறிவித்தல் பார்க்கப் போன அம்மாவின் போன் சூடாகி நிற்கும்.

"இலவசமாகச் செய்தி தருகிறார்கள், விளம்பரம் போடாமல் எப்படிச் சீவிப்பது?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. விளம்பரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அச்சுப் பேப்பர்களும் விளம்பரத்தில்தான் சீவித்தன. ஆனால் பேப்பரில் வந்த நகைக்கடை விளம்பரம் எங்களோடு வீட்டுக்குள் வந்து, அடுத்து எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறோம், எத்தனை நிமிடம் வாசிக்கிறோம் என்று குறிப்பெடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு விளம்பரத்தைப் படமாகக் காட்ட ஐம்பது, நூறு கேபி போதும். மிச்சப் பாரம் முழுக்க எங்களைப் பின்தொடர்வதற்கான பாரம்.

4 ஜிபியில் வாழ்வது

எங்கட நாட்டில் இந்தப் பாரம் எங்கே போய் விழுகிறது என்பதையும் பார்க்கவேணும்.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடமும் கெம்பஸும் ஓன்லைனுக்குப் போனபோது பல வீடுகளில் கடன்பட்டு லப்டொப் வாங்கினார்கள். அதில் கனக்க பாவித்த லப்டொப்கள், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். மாற்றவேண்டிய நேரம் வருவதற்குள் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. லப்டொப் விலை டொலரோடு சேர்ந்து ஏறியது, சம்பளம் ஏறவில்லை. "புதுசு வாங்கு" என்பது அதன்பிறகு பல குடும்பங்களுக்குச் சொல்லக்கூடிய ஆலோசனையே இல்லை.

4 ஜிபியில் விண்டோஸும் வைரஸ் கார்டும் தங்கட பங்கை எடுத்தபிறகு பிரவுசருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அது நிரம்பினால் விண்டோஸ் ரேமில் உள்ளதைத் தூக்கி ஹார்ட் டிஸ்கில் வைக்கத் தொடங்கும். ரேமிலிருந்து எடுப்பது மேசையில் கிடக்கிற கொப்பியை எடுப்பது மாதிரி என்றால், சுழல்கிற ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுப்பது பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய் எடுத்து வருவது மாதிரி. ஒவ்வொரு தேடலுக்கும் இலட்சம் மடங்கு அளவில் வித்தியாசம். டெப் மாற்றும்போது திரை வெள்ளையாக நிற்பதும், உள்ளே கர் கர் என்று அரைபடுவதும், டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 வீதம் என்று சிவக்கிறதும் இதனால்தான். பழைய மெஷின் திடீரென்று கிழடானதால் இல்லை. பக்கங்கள் வருசத்துக்கு வருசம் கொழுத்ததால். எச்டிடிபி ஆர்க்கைவ் 2022இல் எடுத்த கணக்கில் கணினிக்கான நடுத்தரப் பக்கமே 2.3 எம்பி, அதில் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் அரை எம்பி.

சரி, பிறகேன் இத்தனை டெப்பைத் திறந்து வைக்கிறோம்? கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். மூடினால் அந்த விசயம் கறுந்துளைக்குள் போன மாதிரித் தொலைந்துவிடும் என்ற பயம் பலரிடம் இருந்தது. டெப் என்பது ஞாபகக் குறிப்பு, செய்யவேண்டிய வேலையின் பட்டியல். ஆய்வின் ஒரு பகுதியில் கலந்துகொண்டவர்களில் நாலில் ஒருவர் அளவுக்கு, டெப் கூடிப் பிரவுசரோ கொம்பியூட்டரோ விழுந்த அனுபவம் உள்ளவர்கள். அமெரிக்காவிலேயே இப்படி.

எங்களுக்கு இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. கெம்பஸ் வைஃபையில் இருக்கும்போது தேவையான பக்கங்களை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, லப்டொப்பை மூடி, வீட்டுக்குப் போய் டேட்டா இல்லாமல் வாசிக்கிற ஆட்கள் எத்தனை பேர்? எங்களுக்குள்ளேயே இருக்கிறோம். எங்கட டெப் வரிசை ஒரு நடமாடும் நூலகம். அதைப் பார்த்து "ஒழுங்கில்லாத பிள்ளை" என்று சொல்பவர்களுக்கு வீட்டில் வைஃபை இருக்கும்.

அதனால்தான் பிரவுசர்கள் இப்போது தருகிற தீர்வு எங்களுக்கு அரைத் தீர்வு மட்டும். 2022 டிசம்பரில் குரோம் 'மெமரி சேவர்' கொண்டுவந்தது. எட்ஜில் 'ஸ்லீப்பிங் டெப்ஸ்' அதற்கு முன்பே இருந்தது. ஃபயர்பொக்ஸும் விண்டோஸில் ரேம் தட்டுப்பட்டால் பழைய டெப்பை இறக்கிவிடும். மெமரி சேவர் இறக்கிவிட்ட டெப்பின் பெயர் மேலே நிற்கும், உள்ளே ஒன்றும் இராது, தொட்டால் திரும்பவும் இணையத்திலிருந்து இறங்கும். ரேமுக்கு நல்லது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் நூலகத்தில் அட்டைகள் மட்டும் கிடக்கும், பக்கங்கள் இராது. திரும்ப இறக்க டேட்டா வேணும். ரேமை மிச்சம் பிடித்து டேட்டாவில் செலவழிப்பது சிலருக்கு இலாபம், சிலருக்கு நட்டம். இந்த வசதியை வடிவமைத்தவர்கள் இணைப்பு எப்போதும் இருக்கும் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள் போல.

நாங்கள் செய்யக்கூடியது

கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. உடனே செய்யக்கூடிய சில விசயங்கள் உண்டு.

முதலாவது, எண்ணாதீர்கள், அளவுங்கள். குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட் விசையோடு எஸ்கேப்பை அழுத்தினால் பிரவுசரின் சொந்த டாஸ்க் மனேஜர் வரும். ஃபயர்பொக்ஸில் மெனுவில் 'மோர் டூல்ஸ்' என்பதற்குள் இருக்கிறது. எந்த டெப் எவ்வளவு ரேம், எவ்வளவு சிபியு என்று வரிசையாகக் காட்டும். பெரும்பாலும் இருபதில் இரண்டு மூன்றுதான் பேய் மாதிரித் தின்னும். அதை மூடுங்கள், மிச்சம் கிடக்கட்டும். எக்ஸ்டென்ஷன்களும் அதே பட்டியலில் வரும். எப்போதோ போட்டு மறந்த கூப்பன் எக்ஸ்டென்ஷன் ஒவ்வொரு பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

இரண்டாவது, விளம்பரத் தடுப்பான். நல்ல தடுப்பான் ஒன்று ஸ்கிரிப்ட் இறங்குவதற்கு முன்பே அதை நிறுத்துவதால் ரேம், சிபியு, டேட்டா மூன்றும் மிஞ்சும். யூபிளொக் ஒரிஜின் இலவசம், திறந்த மூலம். ஆனால் கூகுள் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை மாற்றியபிறகு குரோமில் அதன் முழு வடிவம் ஓடுவதில்லை, 'லைட்' என்ற குறைந்த வடிவம்தான். ஃபயர்பொக்ஸில் முழுதாக ஓடுகிறது, அண்ட்ரொய்ட் போனிலும் கூட. உலகத்தின் மிகப் பெரிய விளம்பர வியாபாரம் செய்கிற நிறுவனம்தான் உலகத்தின் மிகப் பெரிய பிரவுசரையும் வைத்திருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு தெரிவு செய்யுங்கள். நீங்கள் விரும்புகிற, ஒழுங்காக விளம்பரம் போடுகிற சைட்டுக்குத் தடுப்பானை நிறுத்திவிடுங்கள். அது நியாயம்.

மூன்றாவது, வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டிய பக்கத்தை டெப்பாக வைக்காமல் கொன்ட்ரோல் எஸ் அழுத்தி சேவ் பண்ணுங்கள், இல்லாட்டி பிரின்ட் போய் பிடிஎஃப் ஆக்குங்கள். ரேம் தேவையில்லை, இணைப்புத் தேவையில்லை, கரண்ட் போய் வந்தாலும் இருக்கும்.

நாலாவது, "ரேம் கிளீனர்", "பூஸ்டர்" என்று வருகிற சொஃப்ட்வெயார்களை நம்பவேண்டாம். பல, ரேமில் உள்ளதை அடித்து டிஸ்குக்குத் தள்ளிவிட்டு "சுத்தம் செய்தோம்" என்று எண்ணிக்கை காட்டும். அடுத்த நிமிடம் அதே விசயம் திரும்ப ரேமுக்கு வரவேணும். காசு இருந்தால், புது லப்டொப்புக்கு முன் பழைய ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். செலவு பலமடங்கு குறைவு, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் இந்தப் பட்டியலோடு கட்டுரையை முடித்தால் நாங்களும் அந்த ரிப்பெயார் கடையின் பக்கம்தான் நிற்கிறோம். எல்லாப் பொறுப்பும் பாவனையாளர் தலையில்.

செய்கிறவர்களிடம் கேட்பது

எங்கட வாசகர்களில் கனபேர் ஐடி படிக்கிறீர்கள். சிலர் ஏற்கனவே ஃப்ரீலான்ஸாகக் கடைகளுக்கும் கோயில்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறீர்கள். உங்களிடம்தான் இந்தக் கேள்வி. 16 ஜிபி ரேமும் ஃபைபரும் உள்ள மெஷினில் செய்து, அதிலேயே பார்த்து, "நல்ல ஸ்பீட்" என்று கையளிக்கிறீர்களா? குரோமின் டெவலப்பர் கருவிகளுக்குள் சிபியுவை நாலு மடங்கு மெதுவாக்கிப் பார்க்கவும், இணைப்பைக் குறைத்துப் பார்க்கவும் வசதி இருக்கிறது. இரண்டு கிளிக். வீட்டில் கிடக்கிற அம்மாவின் பழைய போனில் ஒருக்கால் திறந்து பாருங்கள், அதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

பூசை நேரமும் தொலைபேசி இலக்கமும் காட்டவேண்டிய கோயில் சைட்டுக்கு மூன்று எம்பி எதற்கு? ஓடுகிற பனர், தானாகத் தொடங்குகிற பாட்டு, யாருமே பார்க்காத அனலிட்டிக்ஸ் எதற்கு? டெப் மறைந்துவிட்டதா என்று பக்கத்துக்கு பிரவுசரே சொல்கிறது. அதைக் கேட்டு, மறைந்தவுடன் வேலையை நிறுத்த ஒரு சில வரி போதும். அதை எழுதாமல் விடுவது திறமைக் குறைவால் இல்லை, மற்றவரின் மெஷினை எங்கட சொந்தமாக நினைப்பதால்.

நிறுவனங்களிடமும் கேட்கவேணும். பரீட்சை முடிவு, விண்ணப்பப் படிவம், விரிவுரைக் குறிப்பு இவற்றை எல்லாம் மிகப் பழைய மெஷினில் இருந்து, மிக மெல்லிய இணைப்பில்தான் அதிகம் பேர் திறக்கிறார்கள். அவசரமான விசயத்தைப் பார்க்க வருகிறவரிடம் அலங்காரத்தை முதலில் இறக்கச் சொல்வது எங்கட வரிசைக் கலாசாரத்தின் டிஜிட்டல் வடிவம். சும்மா எழுத்தும் ஒரு அட்டவணையும் போதும் என்ற இடத்தில் அதை மட்டும் வையுங்கள்.

2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 பல பழைய மெஷின்களை ஏற்காது. ஒரு பக்கம் அது, மற்றப் பக்கம் கொழுத்துக்கொண்டு போகிற வெப் பக்கங்கள். இரண்டும் சேர்ந்து, நல்லாக ஓடக்கூடிய லப்டொப்களைக் குப்பைக்குத் தள்ளுகின்றன. தமிழில் ஒரு கட்டுரை எழுத, ஒரு பாடம் படிக்க, ஒரு சிவி அனுப்பத் தேவையான வலு பத்து வருசத்துக்கு முந்திய மெஷினிலும் இருக்கிறது. போதாமல் போவது, கேட்காமல் ஏறி உட்கார்ந்திருப்பவற்றைச் சுமக்கத்தான்.

ஆகவே அடுத்தமுறை யாராவது "எத்தினை டெப் திறந்து வச்சிருக்கிறாய்?" என்று கேட்டால், ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்தி அந்தப் பட்டியலை அவருக்கே காட்டுங்கள். எந்தச் சைட், எவ்வளவு தின்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். தின்கிறது ஒரு தமிழ்ச் சைட் என்றால் அதன் ஆசிரியருக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். விளம்பரக்காரர் அவர்களோடு தினமும் பேசுகிறார். வாசகர் பேசுவது குறைவு.